வாரேன், சின்னம்மணி

சென்னையில் ஒரு காலத்தில் டிராம் ஓடியதாம். கோயமுத்தூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்கு வாய்த்தது டவுன் பஸ்தான். அதிலும் சோமனூர் – காந்திபுரம் தடத்தில் ஓடிய 'சின்னம்மணி'யை நாங்கள் யாரும் பஸ் என்று சொன்னதே இல்லை. "சின்னம்மணி போயிருச்சுங்களா?" என்றுதான் ஸ்டாப்பில் கேட்போம்.

அதை ஓட்டியவர் மைதீன் பிச்சை. கோட்டைமேட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் மைதீன் பாய். தலை நரைப்பதற்கு ரொம்ப முன்பே அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடிமேல் என் காலேஜ் பையும் யாருடையதோ பால் கேனும் ஒன்றாகப் பயணம் செய்யும். அதன்மேல் யாராவது காலை வைத்துவிட்டால் போச்சு. "ஏனுங்க, உங்கூட்டுப் புள்ளை தலைமேல கால வெப்பீங்களா?" என்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன வருஷம் வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி ரோட்டில் ஓட எஃப்.சி. சான்று கிடைக்காது என்றார்கள். முதலாளி வெள்ளியங்கிரி அதைப் பழைய இரும்புக்கடைக்குப் பேசிவிட்டார். கொண்டுபோய் விடும் வேலை பாய் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கம் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. 'வாரேனுங்க' என்பார்கள். எழவு வீட்டில் மட்டும் அதுவும் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். பாயும் அப்படித்தான் வந்துவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டு போயிருக்கிறார். சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தார். இறங்கும்போது பழக்க தோஷம், எஞ்சின் மூடியைத் தட்டிக்கொடுத்து, "வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஹபீபுன்னிசா துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கினார்.

"பஸ்சுகிட்ட சொன்னதுக்குப் போயி இப்படி ஒக்காந்துக்கிட்டா எப்படிங்க?"

"வாரேன்னு சொல்லிப்போட்டேன். அது நம்பியிருக்குமில்ல?"

"அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க. இங்க இருந்து என் உசுர வாங்காதீங்க."

மறுநாள் காலையில் பாய் சோமனூருக்கு வந்து முதலாளி முன்னால் நின்றார். அவரிடம் தறிக்கு நூல் வாங்கப் போயிருந்த நானும் அங்கேதான் இருந்தேன். வண்டியைத் திருப்பிக் கேட்டார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். வெள்ளியங்கிரி விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கடை வரைக்கும் நானும் வந்திருக்கோணும் பாய். எதுக்கு வரலைன்னு நெனைக்கறீங்க? வந்தா என் வாயும் சும்மா இருக்காதுங்க."

இருவரும் காரில் பறந்தார்கள். அதற்குள் எஞ்சினைக் கழற்றியாகிவிட்டது, பின்பாதியையும் வெட்டியாகிவிட்டது. பாய் அங்கேயே, கடை ஆட்கள் முன்னால், அழுதுவிட்டார். இதைச் சொல்ல அவர் வெட்கப்படுவதே இல்லை. மிச்சமிருந்த முன்பாதி லாரியில் ஏறி வந்தது.

முதலாளியின் பழைய தறிக்குடோனில் இப்போது அது நிற்கிறது. பெயர்ப்பலகை, ஸ்டியரிங், எஞ்சின் மூடி, முன்பக்கத்து சீட்டுகள், அவ்வளவுதான். வெட்டின இடத்தைத் தகரம் அடித்து மறைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். "பட்டது பட்டாச்சு, அதை எதுக்கு மறைக்கோணும்?" என்று பாய் என் வாயை அடைத்துவிட்டார். ஞாயிறு தவறாமல், அதே தடத்தில் இப்போது ஓடும் புது பஸ்ஸில் வருகிறார். அந்த டிரைவர் கியர் போடும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே சின்னம்மணியைத் துடைக்கிறார். பழைய பயணிகள் நாங்களும் போய் முன்சீட்டில் இடம் பிடிக்கிறோம்.

முதல் ஞாயிறு, வெள்ளியங்கிரி இரும்புக்கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த சாவியை நீட்டினார்.

"எஞ்சினே இல்லீங்களே, சாவி எதுக்குங்க?" என்றார் பாய்.

"வெச்சுக்கங்க. சொன்னபடி வந்துட்டீங்கல்ல."

பாய் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது எஞ்சின் மூடியைத் தட்டினார். கீழே ஒன்றுமில்லாததால் காலிப் பானை போலச் சத்தம் வந்தது.

"வாரேன் அம்மணி."

"வாங்க" என்றார் முதலாளி, வண்டிக்குப் பதிலாக.