கண்டக்குழியில் மீனில்லாத சுஷியும் ஒரு பக்கற் உப்பும்

நான் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டு ஏழு வருடமாகிறது. அதனால் கடற்கரைப் பக்கம் போகிறேன் என்றாலே வீட்டில் "அங்கே போய் எதைச் சாப்பிடப் போகிறாய்?" என்று தொடங்கிவிடுவார்கள். இந்த முறை சுஷி என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

போன ஆவணி மாதம், கற்பிட்டிப் பக்கத்துக் கடற்கரை ஊரான கண்டக்குழியிலிருந்து ஜெசிந்தா ஃபோனில் கோல் எடுத்தாள். யுத்தம் முடிந்த கையோடு நாங்கள் இருவரும் டோஹாவுக்குப் போய், ஒரு ஹோட்டலின் ஜப்பான் சமையலறையில் நான்கு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுஷி சுருட்டியவர்கள். திரும்பி வந்து அவள் நிக்சனைக் கட்டினாள். கடற்தொழில் செய்கிறவர். அதற்கு முந்திய ஐப்பசியில் கடலுக்குப் போனவரின் படகு கவிழ்ந்து கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. அன்றிலிருந்து அவள் மீன் சாப்பிடுவதில்லை. பங்குச் சாமியாரிடம் சொல்லி அவருக்கு இறந்தோர் பூசை வைக்கவும் விடவில்லை. பூசை வைத்தால் செத்துப்போனார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? பத்து மாதமாக ஃபோனில் "ஓம்", "இல்லை" தவிர வேறு கதை அவளிடமிருந்து வந்ததில்லை.

அப்படிப்பட்டவள் தானாக எடுத்துக் கேட்டாள். பலகையில் நின்று பெரிய காற்றாடி கட்டிக் கடலில் ஓடும் வெள்ளைக்காரர்கள் தங்கும் லொட்ஜ் ஒன்று அவள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே வந்திருக்கும் ஒரு கூட்டம் மீன், இறைச்சி, முட்டை எதுவும் தொடாதாம். அவர்களுக்குச் சுஷி வேண்டுமாம். "கை மறந்துபோச்சடி. ஒருக்கா வந்து என்னோட நிண்டு செய்" என்றாள். மீனில்லாத சமையல்; என்னைவிட்டால் வேறு யார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தலைக்கனம் பின்னால் நன்றாக இறங்கியது.

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கற்பிட்டி பஸ் இருந்தது, தவறவிட்டேன். அதனால் அடுத்து வந்த புத்தளம் பஸ்ஸில் பாலாவி வரை போனேன். ஏறத்தாழ நான்கு மணித்தியாலம், 240 ரூபாய். வலப்பக்கம் உட்காராதீர்கள், சிலாபம் தாண்டும்வரை வெயில் முகத்தில்தான் அடிக்கும். பாலாவிச் சந்தியில் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். அந்தப் பக்கமெல்லாம் உப்பளங்கள். தெருவோரக் கடையில் வெள்ளை வெளேரென்று உப்பு அடுக்கியிருந்தார்கள். வெறுங்கையோடு போவானேன் என்று எனக்கொரு கிலோ, ஜெசிந்தாவுக்கு ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டேன். உப்பை விருந்துக்குக் கொண்டுபோகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கிருந்து கற்பிட்டி பஸ்ஸில் கண்டக்குழிச் சந்தி சுமார் முப்பத்தைந்து கிலோமீற்றர், 80 ரூபாய். நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கியைக் கடந்து, அன்னம்மாள் கோயில் இருக்கும் தலவிலவுக்குத் திரும்பும் சந்தியில் பஸ் நின்றபோது பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சந்தியிலிருந்து கடற்கரைக்கு முச்சக்கரவண்டி 150 ரூபாய். ஓட்டியவர் ஹனீபா நானா. யார் வீட்டுக்கு என்று கேட்டார், சொன்னேன். வண்டியின் வேகம் குறைந்தது.

"நிக்சன்ட வீடா? நல்ல மனிசன். எங்கட மகள்ட கலியாணத்துக்கு மீன் முழுக்க அவருதான் தந்த." பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்டு செல்றன், கோவிச்சுக்கொள்ளாதீங்க தங்கச்சி. மவுத்தாகிட்டாரு எண்டு மட்டும் அந்தப் புள்ளைக்கு முன்னால செல்லிப்போடாதீங்க. இந்த ஊர்ல ஒருத்தரும் செல்றதில்ல."

சாவுக் கதை எடுக்கமாட்டேன், எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா பாதியாகியிருந்தாள். கட்டிப்பிடித்தபோது தோள் எலும்பு குத்தியது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளோ என் பையைத்தான் பார்த்தாள். "நோரி கொண்டந்தனியா?" என்றாள். சுஷியைச் சுற்றுகிற காய்ந்த கடற்பாசித் தாளைக் கேட்கிறாள். டோஹாவில் கேட்கிற அதே குரல்.

இனிச் செய்முறை. வீட்டில் செய்ய நினைக்கிறவர்கள் இங்கே கவனியுங்கள். சுஷி அரிசி கொழும்பு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கியது. இரண்டு கப் அரிசியை ஐந்தாறு தண்ணீரில் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, இரண்டேகால் கப் தண்ணீரில் மூடி அவித்தோம். ஐந்து மேசைக்கரண்டி வினாகிரி, இரண்டு கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துச் சுடுசோற்றில் ஊற்ற வேண்டும். ஜப்பான் வினாகிரி இல்லையென்றால் கவலை வேண்டாம், தென்னை வினாகிரி போதும். சீனியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். உள்ளே வைக்கக் கெக்கரிக்காய், கரட், பொரித்த கத்தரிக்காய். அவித்த பீற்றூட்டைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து நீளமாக வெட்டினால் பார்வைக்குச் சுஷியில் வைக்கும் சிவந்த ரூனா மீன் மாதிரியே இருக்கும். பீற்றூட் குறிஞ்சிப்பிட்டித் தோட்டத்திலிருந்து காலையில்தான் வந்ததாம்.

டோஹாவில் சோற்றுக்குப் பதம் சேர்ப்பது என் வேலை, காய் வெட்டுவது அவள் வேலை. இங்கும் அப்படியே நின்றோம். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் கெக்கரி சீவ, நான் பாலாவி உப்புப் பக்கற்றை வெட்டி ஒரு கரண்டி அள்ளி வினாகிரியில் கரைத்தேன். சோற்றில் ஊற்றிக் கிளறி, பழைய கலண்டர் மட்டையால் விசிறி ஆற்றினேன். பழக்க தோஷத்தில் ஒரு பிடி எடுத்து அவள் முன்னே நீட்டினேன். அவள் வாயில் வைத்து மெதுவாக மென்றாள்.

"சரியா?"

"ஓம். சரி."

அப்போதுதான் அடுத்த வீட்டிலிருக்கும் நிக்சனின் தமக்கை பிலோமினா அக்கா தேசிக்காயோடு உள்ளே வந்தார். மேசையிலிருந்த உப்புப் பக்கற்றைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த உப்பையா போட்டனீங்கள்? அவ திண்டிட்டாவா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் சொன்னார். படகு கரைக்கு வந்த கிழமை, ஜெசிந்தா தலவில அன்னம்மாளிடம் நேர்ந்திருக்கிறாள்: அவரைத் திருப்பித் தரும்வரைக்கும் கடல் தந்தது ஒன்றையும் வாயில் வைக்கமாட்டேன் என்று. மீன் மட்டுமில்லை. உப்பும்தான். உப்பளத்துக்கு நடுவில் இருக்கும் ஊரில், புத்தளத்து மருந்துக்கடையில் மலையில் வெட்டியெடுக்கும் இந்துப்பு வாங்கிவந்து பத்து மாதமாகத் தனக்கென்று தனியாகச் சமைக்கிறாள். அடுப்புக்கு மேல் தட்டில் அந்தப் பேணி இருந்தது. நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. மீன் இல்லையென்றால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு வந்த பெரிய மனுசி நான்.

"ஜெசிந்தா, எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. மூங்கில் பாயில் நோரியை விரித்தாள், கையை நனைத்துச் சோற்றைப் பரப்பினாள், பீற்றூட்டையும் கெக்கரியையும் வைத்தாள், இறுக்கிச் சுருட்டினாள். கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. கத்தியை ஈரத்துணியில் துடைத்து வெட்டினாள். டோஹாவில் உருளையின் இரண்டு முனைகளும் விருந்தாளிக்குப் போகாது, வடிவில்லை. அவைதான் எங்கள் மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கொன்று. ஒரு முனையை எனக்கு நீட்டினாள். மற்றதைத் தன் வாயில் வைத்தாள். கடற்பாசியும் உப்புமாக மென்று விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"மச்சாள், பங்குச் சாமியிட்டப் போய் அவருக்குப் பூசைக்கு ஒரு நாள் கேளுங்கோ" என்றாள்.

பிலோமினா அக்கா கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பத்து மாதம் தம்பிக்காக அழ முடியாமலிருந்தவர். நானும் அழுதேன். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, தூரத்தில் அந்தக் காற்றாடிகள் பறந்துகொண்டிருந்தன. பிறகு அழுத முகத்தோடே ஆறு உருளை சுருட்டி முடித்தோம். பின்னேரம் அவளே கொண்டுபோய் லொட்ஜில் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு துண்டும் மிஞ்சவில்லையாம்.

மறுநாள் காலை சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். இரவு முழுக்க மனதைக் குடைந்ததைக் கேட்டுவிட்டேன். "உன்ர நேர்த்தியை நானெல்லோ உடைச்சுப்போட்டன். என்னை மன்னிப்பியா?"

"நீ பக்கற்றை வெட்டேக்க நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்" என்றாள். ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்ல. எனக்குக் களைச்சுப்போச்சடி."

ஒருவர் இல்லை என்று ஏற்றுக்கொள்ள எதையெல்லாம் கடக்க வேண்டியிருக்கிறது என்று பஸ்ஸில் முழுநேரமும் யோசித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காற்றுக் காலம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். மேலே உள்ள கட்டணங்கள் நான் போனபோது இருந்தவை. நோரியைக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுபோங்கள், கடற்கரை ஈரத்தில் ஒரு மணித்தியாலத்தில் துவண்டுவிடும். யார் வீட்டு அடுப்பிலும் கை வைக்குமுன் கேட்டுவிட்டு வையுங்கள், உப்புக்குக்கூட. வரும் ஐப்பசியில் நிக்சனுக்குப் பூசை. முதல் பஸ்ஸில் போகிறேன், இந்த முறை தவறவிடமாட்டேன்.

அன்று சந்தியில் பஸ் வந்து நின்றபோது, என் பையிலிருந்த அந்த வெட்டிய உப்புப் பக்கற்றைக் காட்டி, இதையாவது திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றேன்.

"வைச்சிட்டுப் போ" என்றாள் ஜெசிந்தா. "பூசையண்டு ஊருக்குச் சமைக்க வேணும்."