தூங்குமூஞ்சி நடிகரும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

போன ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்தில் ஒரு கூத்து நடந்தது.

எங்கள் காரைக்கால் கொட்டகையில் இங்கிலீஷ் படம். கதாநாயகி மாடிப்படியில் நின்றபடி ஏதோ முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது... பேச்சு இல்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே விசில். "சவுண்டு! சவுண்டு!" என்று பெஞ்சைத் தட்டுகிறார்கள். ஆபரேட்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறார்கள்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. சத்தம் இருந்தபோது மட்டும் இவர்களுக்கு என்ன விளங்கியதாம்?

பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கொட்டகையே ரகளையில் இருக்க, அவள் மட்டும் அந்த மாடிப்படியில், அந்த அம்மாளுக்கு இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தாள்.

சத்தம் நின்றதே அவளுக்குத் தெரியாது.

அவள் பெயர் செண்பகம். என் நாத்தனார். பதினோரு வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தாள். காது மட்டும் போய்விட்டது. பேச்சு நன்றாக வரும் — கொஞ்சம் ஏற்ற இறக்கம் இல்லாமல், அவ்வளவுதான். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள்.

இந்த வாரம் அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அனுமதி வாங்கியாயிற்று. "எழுதுங்க அண்ணி. ஆனா என் மூக்கு பெரிசுன்னு எழுதிடாதீங்க" என்றாள். எழுதவில்லை.

நான் கல்யாணமாகிக் காரைக்கால் தலத்தெருவுக்கு வந்த புதிதில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அமெரிக்கப் படங்கள் வரும். ஆனால் அதில் எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள்! குதிரைமேல் துப்பாக்கியோடு வருகிறவன்கூட இறங்கியதும் பிரெஞ்சில்தான் வணக்கம் சொல்வான். யாரோ பாரிஸில் உட்கார்ந்து குரல் கொடுத்து அனுப்பிய பிரிண்ட். உதடு ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். பள்ளிக்கூட டீச்சரான எனக்கே பாதிதான் புரியும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

தமிழ்ப் படத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த செண்பகம், ஒருநாள் எனக்குத் துணையாக அந்தப் படத்துக்கு வந்தாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அண்ணி, இங்க யாருக்குமே புரியல போலிருக்கே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நல்லா இருக்கு. எல்லாரும் என்னை மாதிரியே முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அன்றிலிருந்து ஒரு படம் விட்டதில்லை நாங்கள். மதியம் இரண்டரைக்கு வெயிலிலிருந்து உள்ளே நுழைவோம். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் காசு காசாக மணலில் விழுந்து கிடக்கும். கடல் காற்று ஸ்கிரீனைத் தொட்டால், அதிலிருக்கும் அழகியின் கன்னம் லேசாக அசையும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை... அப்படி ஒரு நிலை. அந்த வெள்ளைத் துணியில் வீடு அளவுக்கு ஒரு முகம் வந்து நிற்கும்போது, அது நம்மை மட்டும் பார்ப்பதுபோல் உங்களுக்குத் தோன்றியதில்லையா?

நடிகர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ஒருத்தி 'கையுறைக்காரி'. ஒரு படத்தில் அவளுக்குப் புருஷன் இறந்த செய்தி வருகிறது. அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்தவள், நின்ற இடத்திலேயே கையுறையை விரல் விரலாகக் கழற்றுகிறாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. ஐந்தாவது விரலில் நின்றுவிடுகிறாள். அவ்வளவுதான் காட்சி. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். செண்பகம் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அந்தக் கடைசி விரல்லதான் அழறா அண்ணி" என்றாள்.

இன்னொருவர் 'தூங்குமூஞ்சி'. நெட்டையான ஆள். பாதி மூடிய கண்கள். அவரிடம் ஒரு வித்தை உண்டு — முக்கியமான இடத்தில் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். சொல்ல மாட்டார். மூடிக்கொள்வார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என்ன சொல்ல வந்தார்? அதைக் கற்பனை செய்துகொண்டே நாங்கள் வீடுவரை நடந்து வருவோம். செண்பகத்துக்கு அவர் என்றால் உயிர்.

கொடி மாறியது. படங்களும் மாறின. அதே தூங்குமூஞ்சி இப்போது இங்கிலீஷ் பேசிக்கொண்டு வந்தார், தன் சொந்தக் குரலில். எனக்குப் பெரிய ஏமாற்றம். பாரிஸ்காரன் கொடுத்த மணியான குரல் எங்கே, மூக்கால் இழுக்கும் இந்தக் குரல் எங்கே? ஒரு வாரம் புலம்பினேன். செண்பகம் சிரித்தாள். "எனக்கு அவர் மாறவே இல்ல அண்ணி!"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாலாவது வரன் வந்தது.

முதல் மூன்று இடங்களும் காது விஷயம் தெரிந்ததும் கடிதத்தோடு முடித்துக்கொண்டன. என் மாமியார் படுக்கையில் விழாத குறை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இந்தத் தடவை சொல்ல வேண்டாம். எதிர உக்காந்து பேசினாப் புரிஞ்சுக்கிறா, இல்ல? தாலி ஏறட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்." நானும் தலையாட்டினேன். ஆட்டியது மட்டுமா? டைரக்டர் வேலையும் நான்தான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்வது. செண்பகம் எங்களுக்கு நேர் எதிரே. நான் கழுத்துச் சங்கிலியைத் தொட்டால் அவள் "சரிங்க" என்று சொல்ல வேண்டும். வளையலைத் தொட்டால் சிரித்துக்கொண்டு தலையைக் குனிய வேண்டும். நாலு நாள் ஒத்திகை! அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சொன்னதைச் செய்தாள்.

பக்கத்து ஊரான பூவத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, ஒரு அத்தை, மாப்பிள்ளை சிங்காரவேலு. பொதுப்பணி ஆபீசில் மதகுக்கும் கால்வாய்க்கும் பிளான் போடுகிற வேலை. தினம் பூவத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறவர். நல்ல உயரம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. திடீரென்று அந்த அத்தை, செண்பகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பொண்ணுக்குப் பாட்டு வருமா?" என்று கேட்டுவிட்டார். வளையலைத் தொட்டேன். செண்பகம் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"வெக்கப்படுது!" என்றார் அத்தை, பூரித்துப்போய்.

"பொண்ணு ரொம்பப் பேசாதோ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அவ அப்படித்தாங்க. யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்கிக்கவே மாட்டா" என்றேன். பொய் இல்லையே!

மாப்பிள்ளையும் பேசவில்லை. எதைக் கேட்டாலும் அவர் அப்பாதான் பதில். "இவன் அடக்கமான பையன்" என்றார். கிளம்பும்போது மட்டும் சிங்காரவேலு செண்பகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். உடனே அப்பா தோளில் கை வைத்தார். வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். செண்பகம் குடிக்கவில்லை.

"என்னடி? மாப்பிள்ளையைப் புடிக்கலியா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு அண்ணி. கிளம்பறப்ப பாத்தீங்கள்ல? ஏதோ சொல்ல வந்தார். சொல்லல. அப்படியே நம்ம தூங்குமூஞ்சி! அவ்வளவு மனசை உள்ள வச்சிருக்கற ஆளுகிட்ட நான் வேஷம் போட மாட்டேன். நான் போய்ச் சொல்லப் போறேன்."

நான் பதறிப்போனேன். "மூணு இடம் தட்டிப்போச்சு, ஞாபகம் இருக்கா? இதுவும் போகணுமா?"

அவள் கோபப்படவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் அவர் பின்னாலேருந்து கூப்பிடுவார். நான் திரும்ப மாட்டேன். அப்ப என்ன பண்ணுவீங்க? அங்க வந்து வளையலைத் தொடுவீங்களா?"

என் கையில் இருந்த வளையல் அன்றைக்குச் சுட்டது என்று சொன்னால் நம்புவீர்களா?

மறுநாள் சாயங்காலம், வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் அரசலாற்றுக் கரைக்குப் போனோம். அவர் ஆபீஸ் விட்டு வருகிற வழி. வெயில் சாய்ந்து, ஆற்றுத் தண்ணீர் பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருந்தது. முகத்துவாரத்தின் பக்கம் படகுகள் அசையாமல் நின்றன. இன்றைக்கும் அந்த இடம் எனக்கு ஏதோ படத்தில் பார்த்தது போலத்தான் நினைவுக்கு வருகிறது.

சைக்கிளில் வந்தவர் எங்களைப் பார்த்துத் திகைத்து இறங்கினார்.

செண்பகம் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குக் காது கேக்காதுங்க. ஒரு சொட்டுக்கூடக் கேக்காது. உங்க உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன். அன்னிக்கி அண்ணி சைகை காட்டினாங்க, நான் சிரிச்சேன். உங்களை ஏமாத்த மனசு வரல. வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

செண்பகம் மெய்ம்மறந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் பார்ப்பாளே, அதே பார்வை.

ஆனால், எனக்குக் காது கேட்கும்.

"நா... நா... நா... நா..."

புரிந்துவிட்டது. அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகம் வெளிறியதை நான் மறக்க மாட்டேன். நாங்கள் ஒருத்திக்கு ஒத்திகை கொடுத்த அதே நாட்களில், பூவத்தில் ஒரு வீட்டிலும் ஒத்திகை நடந்திருக்கிறது! 'நீ வாயைத் திறக்காதே, அப்பா நான் பேசிக்கொள்கிறேன்' என்று.

செண்பகத்திடம் நான் சொல்வதா? சொல்லாமல் இருந்தால் அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். நாலு பேர் சேர்ந்து மறைக்க வேண்டியதே இல்லை. அவர் சும்மா இருந்தாலே போதும்.

அவர் சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சைக்கிள் சீட்டின் மேல் ஒரு காகிதத்தை வைத்து, பிளானில் எழுதுகிற மாதிரி அச்சு அச்சாக எழுதி அவளிடம் நீட்டினார்.

'எனக்குப் பேச்சு திக்கும். வீட்டில் சொல்லக் கூடாது என்றார்கள். அன்று கிளம்பும்போது சொல்ல வந்தேன். முடியவில்லை. மன்னிக்கவும்.'

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள்... கரையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"நான் என்னமோ பெரிய நடிப்புன்னுல்ல நினைச்சேன்!"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூங்குமூஞ்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதாயிற்று. அவரும் சிரித்தார். சிரிப்பு மட்டும் திக்காமல் வந்தது.

அப்புறம் இரண்டு வீட்டிலும் பிரளயம். அவர் அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஏமாத்தப் பாத்தீங்களே!" என்றார். எங்கள் வீட்டுக்காரர், "நீங்க என்ன பண்ணினீங்களாம்?" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் என் மாமியார்தான் "மோர் சாப்பிடுங்க" என்றார். மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டார். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஒரு நடிப்பை நிஜம் என்று நம்பினால் ரசனை என்கிறார்கள். செண்பகம் நிஜத்தையே நடிப்பு என்று நம்பினாள். ஆனாலும் அந்த முகத்தில் அவள் பார்த்தது தப்பா? சொல்ல முடியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாளே... தூங்குமூஞ்சிக்கு என்றாவது ஒருநாள் கடிதம் எழுதி இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. விலாசம்தான் தெரியாது.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் செண்பகம் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆபீசில் நடந்த ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அவளுக்குக் குரல் எதற்கு? கண்ணும் புருவமும் கையும் சேர்ந்து பறந்தன. மடைதிறந்த மாதிரி பேசினார். குரலை விட்டுவிட்டால் அவருக்குத் திக்குவதே இல்லை — ஒரு இடத்தில்கூட!

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். செண்பகம் என்னைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க அண்ணி! நீங்களே கேளுங்க இந்த நியாயத்தை. ஆபீஸ் விட்டு வந்தா வாயை மூடறதே இல்ல. இவர் முகத்தைப் பாப்பேனா, காயைப் பாப்பேனா? விரலை அறுத்துக்கப் போறேன் ஒருநாள்!"

நான் அரிவாள்மணையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.