விதைப்பூண்டும் கர்னலும்

எனக்குக் கோர்வையா எழுத வராது, அஞ்சாங்கிளாஸோட நின்னவ. பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கிட்டுப் படிங்க.

எங்க மாப்பிள்ளை பெங்களூர் கம்பெனி வேலையைப் பூம்பாறையில எங்க வீட்டு மாடியில இருந்தே பார்க்கிறார். ஓய்வு நேரத்துல பூண்டு பிரிக்க ஒரு மிஷின் செய்தார். பெல்ட்டுல பூண்டு ஓடும், கேமரா பார்க்கும். அழுகல் வந்தா ஒரு குழாய் காத்தை ஊதி ஓரமாத் தள்ளிவிடும். முதல்ல ஓட்டிப் பார்க்க எடுத்தது, நடவுக்கு நான் வச்சிருந்த விதைப்பூண்டு. அதுல அழுகல் கலந்தா வெள்ளாமையே போகும். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. எங்க குடும்பத்துல மாமியார் மாப்பிள்ளைகிட்ட நேராப் பேசுறதில்ல; எதுன்னாலும் மக வழியாத்தான்.

மிஷின் ஓடுச்சு. அழுகல் தாண்டிப் போனபிறகு காத்து ஊதி, பின்னால வந்த நல்ல பூண்டைத் தள்ளுச்சு. அழுகல் நேரா விதைச்சாக்குக்குள்ள. மககிட்டச் சொன்னேன்.

"இரும்மா, மீட்டிங்ல இருக்காரு. முடியட்டும்."

முடிஞ்சு இறங்கி வந்தவர் அவளுக்கு விளக்கினார். மிஷினை ஓட்டுற கம்ப்யூட்டருக்குள்ள கர்னல்னு ஒரு மேலதிகாரி உண்டாம். படத்தைச் சேமிக்கிற சோலியில அது உட்கார்ந்துட்டா, குழாய் எவ்வளவு அவசரமாக் கூப்பிட்டாலும் முடிக்காம எந்திரிக்காதாம். தாலுகா ஆபீசுக்கு நான் நடந்திருக்கேன், உடனே விளங்கிருச்சு.

"இனிமே அவசர வேலை வந்தா கர்னலையே பாதியில நிறுத்திட்டு முன்னால போகும்"னு மாத்தினார். காத்தும் சரியா அழுகல் மேல ஊதுச்சு. அதோட விட்டிருக்கலாம். திரையில படம் திக்காம ஓடணும்னு அதுக்கும் அவசரம் கொடுத்தார். போனுக்குப் படம் வரணும்னு மக கேட்டா, அதுக்கும். பழனி மலையில அத்தனை பேரும் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கிட்டு நிக்கிற கதையாச்சு. காத்து மறுபடி வரிசையில நின்னுச்சு. நிறுத்தச் சொல்லி மக திரையில தட்டினா, கேட்க ஆளில்ல. கரண்டு வயரோ மாடியில மாப்பிள்ளை ரூம்ல; அவரோ மறுபடி மீட்டிங்ல.

"வெரசாப் போய்ச் சொல்லுடி."

"பெரிய ஆளுங்க பேசிட்டிருக்காங்கம்மா. நடுவுல போனா கோவிப்பாரு."

சாக்குல அழுகல் விழுந்துக்கிட்டே கெடந்துச்சு. நானே மாடியேறிக் கதவைத் தள்ளி, "மாப்பிள்ளை, வயரைப் பிடுங்குங்க"ன்னேன். பெரிய ஆளுங்களுக்கும் கேட்டுச்சாம்.

"சரிங்கத்தை"ன்னு பிடுங்கினார். ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

சாக்கைக் கொட்டி மூணு பேருமா கையால பிரிச்சோம். "இது அழுகலாங்கத்தை?"

"அது மண்ணுங்க. தொடைச்சுப் போடுங்க."

நட்டாச்சு, முளைச்சும் வருது. இப்பக் குழாய்க்கு மட்டும்தான் அவசரமாம். கர்னலை எது நிறுத்தலாம், எது நிறுத்தக் கூடாதுன்னு நான் எழுதினது சரியான்னு தெரியல; விவரம் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்க.