மைக்குக்கு மாட்டிய கேரி பேக்

ஏழு வருடங்களுக்கு முன்பு, சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் காணும் பொங்கல் விளையாட்டு விழா. மைக்செட் என்னுடையது. புதிதாக வாங்கிய கார்ட்லெஸ் மைக்கை அன்றுதான் முதல்முதலாக எடுத்துப் போயிருந்தேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்ததில்லை!

மதியம் பாட்டுப் போட்டி. மேடை ஓரமாக மொபெட்டை நிறுத்திவிட்டு ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். பதினைந்து வயதில் தாயைப் பறிகொடுத்து, அன்றிலிருந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். "பேரு குடுத்திருக்கேண்ணே, ராப் பாடணும்" என்றாள். அன்று மீனுக்கு நல்ல கிராக்கி. பெட்டியைக் காலி செய்துவிட்டு நேராக வந்திருந்ததால் கையெல்லாம் செதில்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ! "மைக்குல நாத்தம் ஏறிடும்மா" என்று சொல்லி, ஊரே பார்க்க ஒரு கேரி பேக்கை மைக் தலையில் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் மைக்கை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் ஆரம்பித்தாள்.

"கெளுத்தி இருக்கு, கெழங்கான் இருக்கு, கேக்க ஆளில்ல;
தெருத்தெருவா கத்துறேனே, என் தொண்ட ஓயல!"

மாடி வீட்டுக்கும் கேட்கக் கூவி மீன் விற்ற குரலாயிற்றே! கபடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடி வந்துவிட்டார்கள். கூட்டமே கைதட்டித் தாளம் போட்டது. என் ஸ்பீக்கர்தான் சும்மா நின்றது. முதல் பரிசு எவர்சில்வர் குடம் அவளுக்கே.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றியது. காலேஜ் விழாக்கள், அப்புறம் சென்னை, சினிமா. பாடிச் சம்பாதித்ததைப் போட்டு கருவாடு, மீன் ஊறுகாய் கம்பெனி தொடங்கினாள். அவள் ஊர்ப் பெண்கள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள். டிவியில் அவள் வந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன். வேறென்ன, வெட்கம்தான்.

போன தை மாதம் கும்பகோணத்தில் அவளுடைய மூன்றாவது கடை திறப்பு விழா. மைக்செட்டுக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கப்போகிறாள் என்று பயந்தேன். "போவாம இருந்தா அத விடக் கேவலம், கெளம்புங்க" என்று மனைவி விரட்டினாள்.

தெருவை அடைத்துக் கூட்டம். டவுன் பஸ்கூட நகர முடியவில்லை. மேடையேறியவளிடம் மைக்கை நீட்டினேன். "அன்னிக்கு நான் பண்ணுனது தப்பும்மா."

மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கண்ணே கேரி பேக்கு? இப்பவும் கருவாடு பொறுக்கிட்டுத்தான் வர்றேன்" என்று சிரித்தாள். பிறகு மைக்கை விலக்கிக்கொண்டு, மெதுவாக, "அன்னிக்கு வீட்டுக்குப் போயி ரொம்ப அழுதேண்ணே. இன்னிக்கு சத்தத்த நல்லா ஏத்தி வைங்க, அது போதும்" என்றாள்.

ஏத்தினேன். இருந்த மட்டும் ஏத்தினேன். அதே மீன் பாட்டைத்தான் எடுத்தாள். முதல் வரியை அவள் விட்ட இடத்தில் தெருவே சேர்ந்து பாடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நான் மிக்சரைப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை போட்டுவிட்டேன். மைக் கேட்டு யார் கை நீட்டினாலும், அந்தக் கையைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.