கூடைக்கு ஒரு கை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் மனதில் இருப்பதைக் காதுகொடுத்துக் கேட்க ஆசிரியர்களை எப்படிப் பழக்குவது என்பதுதான் பொருள். அதிலும் ஏழைப் பிள்ளைகள், ஒதுக்கிவைக்கப்பட்ட பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அவர்களுக்கு நியாயம் கிடைக்க ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருந்தேன்.

வாரம் ஒருநாள் மதுராந்தகத்தில் பஸ் மாறி, கடப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்று கூடவே வரும். அதைக் கண்டாலே பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வாய் கட்டிப்போகும். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண் மட்டும்தான் பேசினாள். அவள் குப்பத்தில் அவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் அவள்.

அவளுடைய அம்மா மீன் விற்பவர். நிறைந்த கூடையை ஒருவரே தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே நின்று ஒருவர் கைகொடுக்க வேண்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குக் கூடை தூக்கிவிடுவது அவள் வேலை. தூக்கும்போது மீன் தண்ணீர் சட்டையில் வழியும். மாற்றுச் சட்டை கிடையாது. ஆசிரியர் ஒருவர் அவளைத் தனியாக ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்.

"நாத்தம் காத்தோட போயிடுமாம் சார்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம் சார். அப்புறம் கூடைய என்னத் தொட வுடாது."

சத்தியம் போல வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அந்த ஒலிநாடாவைப் பயிற்சி வகுப்பில் போட்டேன். ஆசிரியர்கள் மனம் இளகவேண்டும் என்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு நல்ல சான்று கிடைத்திருப்பதை நாலு பேருக்குக் காட்டும் ஆசையும் இருந்தது. அவள் பேச்சு வழக்கைக் கேட்டதும் வகுப்பு சிரித்தது. அதட்டியிருக்க வேண்டிய நானும் சேர்ந்து புன்னகைத்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்த ஆசிரியர் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று மாலைதான் வருகைப் பதிவேட்டில் அவருடைய பள்ளியின் பெயரைக் கவனித்தேன்.

மறுமுறை போனபோது அவள் வகுப்பில் இல்லை. தலைமையாசிரியர்தான் சொன்னார். அந்த ஆசிரியர் அவள் அம்மாவை வரவழைத்து, "உன் பொண்ணு செங்கல்பட்டு வரைக்கும் எங்க மானத்த வாங்கிட்டா" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த அம்மா மகளைக் கூடைப் பக்கமே விடவில்லை. தானே ஏற்றப் போய்க் கழுத்துப் பிசகிக் கூடையோடு சாய்ந்திருக்கிறார். அன்றைக்கே மகள் படிப்பை நிறுத்திவிட்டாள்.

நேரே குப்பத்துக்கு நடந்தேன். படகுகள் வந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த நேரம். கழுத்தில் துணி சுற்றியிருந்த அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் மகள்.

"இன்னா சார், பேசற பொட்டியக் காணோம்?" என்று அந்த அம்மாதான் கேட்டார்.

என் தப்புதான் என்றேன். மகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றேன். படித்த வார்த்தைகளாக என்னென்னவோ சொன்னேன். அவர் மீனைக் கூடையில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"அவ பொய் சொல்லல சார். மீனு நாறாம, மல்லிப்பூவா மணக்கும்? என் மனசு நோவக் கூடாதுன்னு அத்தினி நாளு உள்ளயே வச்சிகினு இருந்துச்சு அந்தப் புள்ள. அத்தப் போயி தெருவுல கொட்டிட்டியே."

 அழுதுவிடுவேன் போலிருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது.

"சரி சரி, வெயில் ஏறுது. நின்னுகினே இருந்தா ஆவாது. ஒரு கை குடு."

கூடையைப் பிடித்தேன். அசையவில்லை. "குனிஞ்சி தூக்கு சார், பொஸ்தகம் இல்ல அது," என்றாள் மகள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். தூக்கினேன். குளிர்ந்த தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி என் வெள்ளைச் சட்டையை நனைத்தது. அந்த அம்மா கூடையைத் தலையில் நேராக்கிக்கொண்டு, முந்தானையின் காய்ந்த நுனியால் என் கையைத் துடைத்துவிட்டார். "பஸ்ஸுல எட்டிக் குந்துவாங்க. மனசுல வச்சிக்காத," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அப்படியே நடந்தது. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போனார். மதுராந்தகத்தில் பஸ் மாறிய பிறகும், செங்கல்பட்டு வரை என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. அந்தப் பெண் எத்தனை மாதம் இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வகுப்பில், வாக்கை மீறியவன் நான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர்கள் பார்க்கவே ஒலிநாடாவை அழித்தேன். ஆய்வேட்டில் அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மூன்றாவது வரிசைக்காரர் கடைசிவரை தலை நிமிரவில்லை. நானும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஒரு வருடப் படிப்பு போனது போனதுதான். அடுத்த ஜூனில் அவள் மறுபடி சேர்ந்தாள். கூடை தூக்கப் பக்கத்து வீட்டு அம்மா ஒத்துக்கொண்டாராம். இந்தமுறை பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்லா கீறேன் சார்."

பள்ளியை முடிக்கும்வரை, எப்போது கேட்டாலும் அதே பதில்தான். கோபம் இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. டாக்டர் பட்டம் வாங்கி, பிறர் மனதைக் கேட்பது எப்படி என்று முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றும் யாராவது என்னை நம்பி வாய் திறந்தால், முதலில் என் முழங்கையில் அந்தக் குளிர்ந்த தண்ணீர் இறங்குகிறது.