கம்பி தெரிகிற பேய்

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கட்டடம் இடிக்கிற கூலி நான். நாற்பத்தாறு வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். இட்டுக்கட்டி எழுதுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்த மணியோடு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. இயந்திரம் சுவரில் கை வைக்கும் முன், ஒருவன் உள்ளே பார்த்து மூன்று தரம் கூப்பிட வேண்டும். பிறகு இருபது வரை எண்ண வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் எதையாவது எடுத்து இரும்பில் மூன்று தரம் தட்டுவார்கள். தூசியில் குரல் எழும்பாது, இரும்புச் சத்தம் எழும்பும். தட்டு கேட்காவிட்டால்தான் "காலி!" என்று கத்த வேண்டும். அந்தக் கூப்பிடுகிற ஆள் நான்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு கிடங்கை இடித்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. நான் பத்தோடு நிறுத்திவிட்டு "காலி" சொல்லிவிட்டேன். என் மனைவியும் அங்கேதான் கல் சுமந்தாள். தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை மறந்துவிட்டு, எடுக்க உள்ளே திரும்பிப் போயிருக்கிறாள்.

பத்தோடு நிறுத்தியது யாருக்கும் தெரியாது. மனசுக்குள் எண்ணுவதுதானே. அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

போன மாதம் ஒரு பழைய சினிமா தியேட்டர். அங்கே முப்பது வருடம் படம் ஓட்டிய ஆபரேட்டர் பெரியவர் வந்து நின்றார்.

"ஒரே ஒரு ரீல், தம்பிங்களா. கடைசியா ஓட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்."

ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தோம். மணி 12:40. சாப்பாட்டு நேரம். அந்தக் காலத்துப் பேய்ப் படம். நூலில் ஆடுகிற வௌவால். பஞ்சுப் புகை. வெள்ளைத் துணி சுற்றியவள் அந்தரத்தில் மிதந்து வருகிறாள், இடுப்பில் கட்டிய கம்பி பளபளக்கிறது.

"அண்ணே, பேய் செருப்பு போட்டிருக்கு பாருங்க!" என்றான் ஒட்டடை. ஒட்டடைக் கொம்பு மாதிரி ஒல்லியாக, உயரமாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"பின்னே, சுடுகாட்டுல முள்ளு குத்தாதாடா?" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவிக்கு இந்த மாதிரிப் படம் என்றால் உயிர். பேய் வரும்போதெல்லாம் என் விலாவில் இடிப்பாள். "கம்பி தெரியுது பாருங்க..." கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். "கம்பி தெரிஞ்சாத்தாங்க நிம்மதியா பயப்படலாம்" என்பாள். இதை வேலையிடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

1:10க்கு ரீல் முடிந்தது. பெரியவர் கும்பிட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். எல்லோரும் பார்த்தோம். 1:30க்குப் பால்கனிப் படிக்கட்டை கேஸ் வைத்து அறுத்து எடுத்தோம்.

2:15. மேஸ்திரி தலை எண்ணினார். ஏழு பேரும் வெளியே. நான் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டேன். எண்ணினேன்.

பத்து... பதினொன்று... பன்னிரண்டு...

டங். டங். டங்.

மேலே. பால்கனியில்.

"அறுத்த இரும்பு. சூடு ஆறுது, சத்தம் போடும்" என்றார் மேஸ்திரி. "காலி சொல்லு."

"மாட்டேன்."

"படியே இல்ல. யாரு ஏறுவா? மத்தியானம் பாத்த பேயா?"

"காலி இல்ல, மேஸ்திரி."

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை.

டங். டங். டங்.

ஒட்டடையின் சிரிப்பு நின்றுவிட்டது.

கட்டடத்தின் பின்பக்கம் ஆபரேட்டர் அறைக்கு ஓர் இரும்பு ஏணி உண்டு. ஏறினேன். 2:24. அறையைத் தாண்டிப் பால்கனிக்குள் போனேன். இருட்டு. டார்ச் அடித்தேன்.

ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்கிற நாற்காலிகள். வரிசை வரிசையாக மடங்கி நின்றன.

மூன்றாவது வரிசையில் பெரியவர். தலை தொங்கியிருந்தது. மடியில் ரீல்.

மூச்சு இருந்தது.

அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்... விரிந்திருந்தது.

நான் பார்க்கப் பார்க்க, அது மெதுவாக மடங்கியது.

டப்.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ரீலை விட்டுவிட்டோமே என்று பின்பக்க ஏணியில் ஏறி வந்தாராம். எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தவருக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

"நல்ல வேளை தட்டுனீங்க" என்றேன்.

"நான் எங்கே தம்பி தட்டினேன்? கையே தூக்க முடியல. பக்கத்துல இருந்த அம்மாதான் தட்டுச்சு. உங்ககூட வேலை பாக்கறவங்கதானே? தலையெல்லாம் வெள்ளைத் தூசி..."

கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"திரையில ஒண்ணுமே ஓடல. ஆனா அதைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. 'கம்பி தெரியுது பாருங்க'ன்னு."

தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"கீழேருந்து நீங்க கூப்பிட்டதும் சிரிப்பை நிறுத்திட்டு, என்னமோ எண்ண ஆரம்பிச்சுது. எண்ணிட்டுத்தான் தட்டுச்சு. அதுதான் தம்பி எனக்குப் புரியல... ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பதினொண்ணுலேருந்து ஆரம்பிச்சுது."