மாடியில் திரித்தொட்டி, வாசலில் கல்வாழை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்றைய திதிக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, இந்தச் சிறு நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். அக்காவின் வாழ்க்கையை ஒழுங்காக எழுதித் தரும்படி அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கம் தம்பியாகிய எனக்கு உண்டு என்பதால் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். வரிசை மாறாமல் எழுத முயன்றிருக்கிறேன்.

அக்கா பிறந்தது தாமல் கிராமத்தில், ஏரிக்கரைக்கு அடுத்த தெருவில். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான், அக்கா மூத்தவர். அப்பாவுக்கு அறுவடைக் காலத்தில் வயல் வேலை, மற்றக் காலத்தில் கிடைத்த வேலை. அக்கா நன்றாகப் படித்தார். ஆனாலும் பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. என்னை மேலே படிக்கவைக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது முதலில் சரி என்றவர் அவர்தான்.

மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு உத்திரமேரூருக்கு வந்தார். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வயதில் மாமா காமாலையில் காலமானார். அக்கா தாமலுக்குத் திரும்பவில்லை. தையல் கற்றுக்கொண்டு, அதே கடையில் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்தார். இந்த மலரைப் படிக்கும் இளைஞர்களில் பலர் அக்கா தைத்த சீருடையில் பள்ளிக்குப் போனவர்கள். வளரும் பிள்ளைகள் என்பதால் கீழ்மடிப்பில் துணி கூடுதலாக விட்டுத் தைப்பார். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அதற்குத் தனியாகக் கூலி வாங்கமாட்டார்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். யாராவது கொடுத்தால் அதைச் சும்மா வைத்துக்கொள்ளவும் மாட்டார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பிப் போனதே இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலையாவது அதில் இருக்கும். எதிர் வீட்டு மேரி ஒருமுறை என் எதிரிலேயே சொன்னார்: “யக்கா, ஒரு டம்ளர் மோர் குடுத்தா அதுக்கு ஒரு ஜாக்கெட்டு தெச்சிக் குடுக்கற ஆளு நீ. உன்கிட்ட ஒண்ணு குடுக்கவே பயமா கீது.” அக்கா சிரித்தார். ஆனால் மாறவில்லை.

மகளுக்குத் திருமணமாகிச் சென்னைக்குப் போன பிறகு அக்கா மொட்டைமாடியில் செடி வளர்க்கத் தொடங்கினார். பழைய பெயிண்ட் வாளிகளில் கறிவேப்பிலை, கனகாம்பரம், கத்திரி, மிளகாய், துளசி. தெருவில் பாதி வீடுகளுக்குக் கறிவேப்பிலை அங்கிருந்துதான் போயிற்று.

இனி எழுதப்போவது அக்காவின் நோயைப் பற்றி. உறவினர்களில் பலருக்கு இதில் பாதிதான் தெரியும்.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று சென்னை மருத்துவர் சொன்னார். மகள் அழுதாள். நான் குடியிருக்கும் காஞ்சிபுரத்திலிருந்து ஓடி வந்தேன். அக்கா மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஆபரேசன் பண்ணா ஒடனே வர முடியாதாம்டா. மூணு மாசம் பொண்ணு வூட்லயே இருக்கணும்ன்றாங்க. இதுங்கள இன்னா பண்றது?”

“மேரிகிட்ட சொல்லிட்டுப் போலாமே அக்கா.”

“அவ காலைல வயலுக்குப் போனா இருட்டினப்புறம்தான் வரா. அவள வாளி தூக்கச் சொல்றதா?”

“பக்கத்து வீட்டு கதீஜாம்மா?”

“அவளுக்கு முட்டி வலி. மாடி ஏறச் சொல்றதா? நீ பேஜார் பண்ணாதடா. நான் ஒரு வழி பண்றேன்.”

கதீஜாம்மாவின் கணவர் கடைத்தெருவில் நூல், பொத்தான் கடை வைத்திருப்பவர். அக்காவுக்கு வேண்டிய நூல் எல்லாம் அங்கிருந்துதான் வரும். எத்தனையோ வருடப் பழக்கம். அவர்களிடம் கூட ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

அவர் கண்ட வழி, தானாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி. மகள் கைப்பேசியில் அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு வாளிக்குள் இன்னொரு வாளி. கீழ் வாளியில் தண்ணீர், மேல் வாளியில் மண்ணும் செடியும். மேல் வாளியின் அடியில் துளையிட்டு ஒரு துணித் திரியைத் தொங்கவிட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தண்ணீரை மேலே இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும். கீழ் வாளியை நிரப்ப ஓரத்தில் ஒரு குழாய்த் துண்டு. அது வறண்டால் நிரப்ப, வாரம் ஒருமுறை நான் வந்தால் போதும்.

எனக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அக்கா என் வீட்டில் வந்து சில நாட்கள் தங்குவார். திரும்பிப் போகும்போது செடிகள் நன்றாக இருந்தால் அன்றே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது. அதற்குமுன் அவரை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

முதல்முறை லைனிங் துணியைக் கிழித்துத் திரி போட்டார். காஞ்சிபுரத்திலிருந்து இருவரும் திரும்பி வந்து பார்த்தால் மண் பொடியாகக் கிடந்தது. மிளகாய்ச் செடி கருகியிருந்தது. மேல் வாளியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே விட்ட தண்ணீர் விட்டபடியே இருந்தது.

“கீழ ஏரி கணக்கா தண்ணி நிக்குது, மேல நாக்கு வறண்டு சாவுது” என்றார் அக்கா. திரியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “புதுத் துணிடா. ஆலையில போட்ட கஞ்சி அப்படியே கீது. தண்ணி எப்பிடி ஏறும்? லைனிங்க நனைச்சி அலசாம தெக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவ நான்!”

இரண்டாவது முறை, அலசிய பருத்தித் திரி. மண்ணும் நல்ல மண்ணாக இருக்கட்டும் என்று தாமல் ஏரி வண்டலை என்னையே மூட்டை கட்டி எடுத்துவரச் சொன்னார். தண்ணீர் ஏறியது. ஆனால் வண்டல் அடியில் சேறாகவும் மேலே ஓடாகவும் இறுகி, வேருக்குக் காற்றே இல்லாமல் போயிற்று. இலைகள் மஞ்சளாயின. தண்ணீரில் கிடந்த பருத்தித் திரியின் முனையும் கறுத்து நைந்துவிட்டது. இதற்குள் எப்போது வருகிறீர்கள் என்று மருத்துவமனையிலிருந்து மகளிடம் இருமுறை கேட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு அக்கா முறையாகச் சோதித்துப் பார்த்தார். அடி வெட்டிய தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாக்கி, வாயில் துணி கட்டி, ஒன்றில் மணல், ஒன்றில் வண்டல், ஒன்றில் தேங்காய் நார்த்தூள், ஒன்றில் நார்த்தூளோடு கருக்கிய உமி நிரப்பினார். எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் நிறுத்தி, சொட்டு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றினார். நீலம் எதில் எவ்வளவு ஏறுகிறது என்று தைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார். மணலில் சில விரற்கடை ஏறி நின்றுவிட்டது. வண்டலில் மெல்ல ஏறியது, ஆனால் தொட்டால் களி. நார்த்தூளில் கடைசிவரை ஏறியது. உமி கலந்ததில் கடைசிவரை ஏறியும் பொலபொலவென்று இருந்தது. அரிசி ஆலையிலிருந்து வாங்கிய உமியை மாடியிலேயே கருக்கினார். நார்த்தூளை உப்பும் காவித் தண்ணீரும் போகும்வரை அலசினார். இரண்டையும் மக்கிய தொழுவுரத்தோடு கலந்தார்.

திரிக்கு என்ன செய்வது என்பதற்கும் விடை அவர் காலடியிலேயே கிடந்தது. சீருடை தைத்து மிஞ்சிய டெரிகாட்டன் துண்டுகள். “இதுல கீற பஞ்சு தண்ணிய இழுக்கும். கூட கீற பாலியெஸ்டர் மக்காது. பசங்க மண்ணுல பொரண்டே கிழியாத துணிடா இது” என்றார். கொதிநீரில் அலசி, பட்டையாக வெட்டி, எல்லா வாளிகளுக்கும் போட்டார். தண்ணீர் நிறைய நிற்கட்டும் என்று கீழ் வாளியில், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழிதுளை மட்டும் போடவில்லை.

மூன்றாவது முறை என் வீட்டுக்கு வந்தபோது அக்கா நிம்மதியாகத் தூங்கினார். எனக்கும் நம்பிக்கை இருந்தது. ஆனால் திரும்பி வந்து மாடி ஏறியபோது, கனகாம்பரம் தலை தொங்கி நின்றது. கத்திரியைப் பிடித்து இழுத்தால் வேர் அழுகிக் கையோடு வந்தது. அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“விடுடா. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் குடு. வேற எதுனா போட்டுப் பாக்கறேன்.”

எனக்குப் பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கும் நிலையில் அவர் உடம்பு இல்லை.  அப்போது அக்கா கறிவேப்பிலை வாளிக்குள் குனிந்தார்.

“டேய், என் தொட்டியில நொய் எப்பிடிரா வந்துது?”

பார்த்தேன். மண்ணின் மேல் அரிசி நொய் ஒட்டியிருந்தது. அடுத்த வாளியில் மீன் செதில் மினுங்கியது. பூனை பறித்த குழியும் இருந்தது. அக்கா சுவருக்கு மேல் எட்டி, “கதீஜா!” என்று கூப்பிட்டார்.

கதீஜாம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளிப்படியில் ஏறி வந்தார். “அரிசி கழுவன தண்ணிதான் அக்கா. ரெண்டு தபா உன் செடி செத்துச்சே, மனசு கேக்கல. சத்தாச்சேன்னு நாஷ்டா வேல முடிச்சிட்டு வந்து தெனம் ஊத்துனேன். ஏன், இன்னா ஆச்சி?”

அன்று ஞாயிற்றுக்கிழமை. சத்தம் கேட்டு எதிர் வீட்டு மேரியும் வந்துவிட்டார். “அய்யய்யோ, நீங்களும் ஊத்துனீங்களா? வயல்லேர்ந்து வந்து, மீன் வாங்கன அன்னிக்கி மீன் கழுவன தண்ணி, இல்லாட்டி கொழா தண்ணின்னு நான் ஊத்திகினு இருந்தேனே!”

“அதான் பூன ஊர்கோலம் போச்சா? நீ எங்க ஊத்தப் போறே, வயலுக்குப் போயிடுவியேன்னு நெனச்சேன்டி.”

“நீங்க எங்க மாடி ஏறப் போறீங்க, முட்டி வலியாச்சேன்னு நான் நெனச்சேன்.”

மேலே ஊற்றிய தண்ணீர் எல்லாம் கீழ் வாளியில் இறங்கி நிறைந்து, வழிய இடமில்லாமல் வேரை மூழ்கடித்திருந்தது.

“நான்தான் சொல்லிட்டுப் போனேனேடி, அதுவே தண்ணி எடுத்துக்கும், யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்னு!” என்றார் அக்கா.

கதீஜாம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “நீ அப்பிடித்தான் சொல்லுவே. ஜொரத்துல படுத்துகினு இருந்தாலும் ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லுவே. அதையெல்லாம் நம்புனா ஆவுமா?”

அக்கா அழுகிய கத்திரிச் செடியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“டேய், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு.”

“செடி அக்கா?”

“செத்தது செத்துப் போச்சி. திரி மேல தப்பு இல்ல.”

சென்னைக்குப் போவதற்கு முன் எல்லாக் கீழ் வாளிகளுக்கும் வழிதுளை போட்டார். புதிய நாற்றுகள் நட்டார். மாடிப்படி தொடங்கும் இடத்தில், வாசலை ஒட்டி, ஒரு பெரிய தொட்டி வைத்தார். அதற்குத் திரி இல்லை, குழாய் இல்லை, வெறும் மண். அதில் கல்வாழைக் கிழங்கை ஊன்றினார். எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அழுகாத செடி அது. இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்: “மேல ஏறாதீங்க. ஊத்தாம கை அரிச்சா இதுல ஊத்துங்க. அரிசி தண்ணி, மீன் தண்ணி, எது ஊத்துனாலும் இது கோச்சிக்காது.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகள் வீட்டில் இருந்துவிட்டு அக்கா திரும்பி வந்தபோது மாடியில் கனகாம்பரம் பூத்திருந்தது. வாசலில் கல்வாழை ஆள் உயரத்துக்கு வளர்ந்து சிவப்பாக நின்றது. அன்று மதியம் கதீஜாம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தார். அக்கா குடித்தார். கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. கதீஜாம்மா அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். அதற்குமுன் அக்கா யாருக்கும் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் அக்கா சில நல்ல ஆண்டுகள் வாழ்ந்தார். தையலைக் குறைத்துக்கொண்டார். பேரன் பிறந்ததைப் பார்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் திரித்தொட்டி செய்து கொடுத்தார். சீருடைத் திரி போட்ட வாளிகள் இன்றும் நம் உறவினர் வீடுகள் பலவற்றில் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுது நெஞ்சு வலிக்கிறது என்றவர், இந்த முறை தானாகவே மேரியைக் கூப்பிட்டார். மேரிதான் ஆட்டோ வைத்து அழைத்துப்போனார். வழியெல்லாம் அக்கா அவர் மடியில் தலை வைத்திருந்தாராம். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

அந்த நாட்களில் எங்களோடு நின்ற மேரி குடும்பத்தாருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தங்கள் வீட்டிலேயே சமைத்துப் போட்ட கதீஜாம்மா குடும்பத்தாருக்கும், தாமலிலிருந்து வந்து காரியங்களை முன்னின்று நடத்திய பங்காளிகளுக்கும், அக்காவிடம் சீருடை தைத்துக்கொண்டு இன்று பெரியவர்களாகி, அவரைத் தோளில் சுமந்து சென்ற பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் வீடு இப்போது பூட்டியிருக்கிறது. மாடித் தொட்டிகளை மகள் சென்னைக்கு எடுத்துப்போய்விட்டாள். கல்வாழையைப் பெயர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இந்த மலரை அச்சுக்குக் கொடுப்பதற்காக வந்த அன்று வாசலில் நின்று பார்த்தேன். மழை பெய்து வெகு நாளாயிற்று. தெரு முழுக்கப் புழுதி. அந்தத் தொட்டியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிவைப்பது என் வழக்கம். ஊற்றியது யார் என்று நான் கேட்கவில்லை.